பழைய டீசல் பிக்கப்புக்கு ஒரு டிசி கிளாம்ப் மீட்டர்: காலை ஸ்டார்ட்டிங் தொல்லைக்கு நான் நம்பும் கருவி

பழைய டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள் யாராவது என்னிடம் முதலில் எந்த டூல் வாங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர், அதாவது ஒயரைத் தாடையால் கவ்வியே அதில் ஓடும் கரண்டை அளக்கும் கருவி. காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறோம், இன்ஜின் பிடிக்கவில்லை. அதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியுமோ அவற்றில் பலவற்றை ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் இந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். அது காட்டாத விஷயத்துக்கு ஒரு முழம் கண்ணாடி டியூப், அதாவது உள்ளே ஓடும் டீசல் வெளியே தெரியும் ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸ் வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒன்று மட்டும் கையில் இருந்தால் வேலை பாதியில் நின்றுவிடும்.

என்னுடையது இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், ப்ரீசேம்பர் (டீசல் முதலில் பற்றும் சின்ன அறை) உள்ள ஐடிஐ, அதாவது இன்டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின், டீசலை அழுத்தி அனுப்ப ரோட்டரி பம்ப். இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனர் செருக சாக்கெட் கிடையாது, எர்ரர் கோடு எதுவும் வராது. இந்த மாதிரி வண்டியில் கோளாறைச் சொல்வது சைலன்சரில் வரும் புகை, செல்ஃப் சுற்றும் சத்தம், ஒயரில் ஓடும் கரண்ட். புகையும் சத்தமும் ஓட்ட ஓட்டப் பழகிவிடும். கரண்டைப் பார்க்க மீட்டர் வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே பலர் சறுக்குவது ஒரு விஷயத்தில். விற்பனைக்கு வரும் கிளாம்ப் மீட்டர்களில் நிறைய மாடல்கள் ஏசி கரண்டை மட்டும் அளப்பவை. அவற்றின் தாடைக்குள் இருப்பது ட்ரான்ஸ்ஃபார்மர் காயில். கரண்ட் மாறிக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். பேட்டரியில் இருந்து போவது டிசி, எத்தனை ஆம்பியர் ஓடினாலும் அந்த மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும். டிசிக்கு தாடையில் காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்க வேண்டும். டப்பா மேல் டிசி வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. ஒயர் நுனியைத் தொட்டு வோல்ட் பார்ப்பது வேறு, தாடையைக் கவ்வி டிசி ஆம்பியர் பார்ப்பது வேறு. ஃப்ளூக் 323, 324, 325 மூன்றும் ஒரே குடும்பம், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும். டிசி கரண்ட் அளப்பது 325 மட்டும்தான். மாடல் நம்பரின் கடைசி எண் மாறினால் நம் வேலைக்கு உதவாத மீட்டர் வீட்டுக்கு வந்துவிடும்.

அடுத்தது எத்தனை ஆம்பியர் வரை அளக்கும் என்பது. யூனி-டி யுடி210இ என்று ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது, கைக்குள் அடங்கிவிடும். 2 ஆம்பியர் ரேஞ்சில் ஒரு மில்லி ஆம்பியர் வரை காட்டும். ராத்திரியில் பேட்டரியை எது குடிக்கிறது என்று தேட அதைப்போல வசதி கிடையாது. ஸ்டார்ட் செய்யும் முன் ப்ரீசேம்பரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும் (க்ளோ பிளக்) அதில் பார்த்துவிடலாம். ஆனால் அதன் எல்லை 100 ஆம்பியர், தாடை திறப்பது 17 மில்லிமீட்டர். டீசல் வண்டியின் செல்ஃப் ஒயர் அதற்குள் நுழைவதே கஷ்டம், நுழைந்தாலும் அளவு எட்டாது. செல்ஃபையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் 400 ஆம்பியருக்குக் கீழே போக வேண்டாம், 600 இருந்தால் நிம்மதி. நான் வைத்திருப்பது 600 ஆம்பியர் வகை. தாடை 30 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும், ஸ்லீவ் போட்ட தடி ஒயரையும் கவ்வும்.

இன்னொன்று, இன்ரஷ் பட்டன். செல்ஃப் முதலில் உதைக்கும் அந்தக் கண நேரத்துக் கரண்டைப் பிடித்து வைக்கும் வசதி அது. அது இல்லாவிட்டாலும் மேக்ஸ், மினிமம் எண்களைப் பதிவு செய்யும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். சாவியைத் திருப்புகிற நேரத்தில் பானட்டுக்குள் இருக்கும் திரையை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஜீரோ பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதைச் செய்யாதவர்களுக்கு மீட்டர் பொய் சொல்வதாகவே தோன்றும். ஹால் சென்சார் பக்கத்தில் இருக்கும் காந்தப் புலத்தையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்ளும். பெரிய கரண்டை ஒருமுறை அளந்தபின் தாடை இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அதனால் அளக்கப் போகும் இடத்துக்கே மீட்டரைக் கொண்டுபோய், ஒயரைக் கவ்வாமல் தாடையை மூடி, ஜீரோ அழுத்திவிட்டு, அதன்பின் கவ்வ வேண்டும். மேசை மேல் ஜீரோ செய்துவிட்டு பானட்டுக்குள் கொண்டுபோனால் அதுவே ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டும். ஒயர் தாடையின் நடுவில் இருக்கட்டும். தாடையில் இருக்கும் அம்புக்குறிக்கு எதிராகக் கரண்ட் போனால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் வரும், அது கோளாறு இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்க வேண்டும். ஐடிஐ இன்ஜின்களில் கம்ப்ரஷன் 21க்கு 1, 22க்கு 1 என்று இருக்கும். அவ்வளவு நசுக்கியும், குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் ப்ரீசேம்பரின் இரும்புச் சுவர் சூட்டைக் குடித்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் இன்னும் மோசம். காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும், சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். ஆக சூடு வேண்டும், சுற்று வேண்டும், காற்று கலக்காத டீசல் வேண்டும். சூட்டையும் சுற்றையும் கிளாம்ப் மீட்டர் சொல்லும், டீசலைக் கண்ணாடி டியூப் சொல்லும்.

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ, கண் எரியும் அளவுக்குப் பச்சை டீசல் வாடையோடு புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. இது தெரிந்துவிட்டால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெள்ளைப் புகை வரும் வண்டிக்கு டீசல் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் ஹீட்டர் பிளக். டேஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் லைட் எரிந்து அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்றே நாம் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த லைட் வெறும் டைமரில் ஓடுகிறது. நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் லைட் வழக்கம்போல எரியும், வழக்கம்போல அணையும். பானட்டுக்குள் ரிலே 'டக்' என்று அடிப்பதும் அப்படித்தான். ரிலேயின் காயில் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லை. உள்ளே பாயின்ட் கருகிப் போயிருந்தாலும் சத்தம் வரும்.

கிளாம்ப் மீட்டர் இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. ரிலேயில் இருந்து பிளக்குகளின் மேலே இருக்கும் தகட்டுக்கு ஒரு தடி ஒயர் போகும். இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது அந்த ஒயரைக் கவ்வி, ஜீரோ சரிபார்த்து, சாவியை ஆனில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் நாலும் நன்றாக இருக்கும்போது எண் எடுத்ததும் எண்பதைத் தாண்டி ஏறும். அங்கே நிற்காது, உடனே இறங்கத் தொடங்கி, சில நொடிகளில் ஐம்பதுக்குக் கீழே வந்து அடங்கும். அந்த இறக்கம்தான் பார்க்க வேண்டியது. பிளக்கின் உள்ளே இருக்கும் சுருள் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் குறையும். எண் இறங்குகிறது என்றால் பிளக் உண்மையிலேயே சூடாகிறது, அதைத் தொட்டுப் பார்க்காமலே தெரிந்துகொள்கிறோம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் லைன் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது.

அடங்கிய எண்ணை நாலால் வகுத்தால் ஒரு பிளக்குக்கு எவ்வளவு என்று வரும். இந்த வகை 12 வோல்ட் பிளக்குக்கு பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் சாதாரணம். மொத்தத்தில் கால்வாசி குறைந்தால் ஒன்று போய்விட்டது, பாதி குறைந்தால் இரண்டு. ஒன்று போனால் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் மிஸ் அடித்து, வெள்ளையாகப் புகைந்து, பிறகு சரியாகிவிடும். பலர் அதை வண்டியின் வயசு என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு போன பிறகுதான் நிஜத் தொல்லை தொடங்கும்.

எந்தப் பிளக் என்று கண்டுபிடிக்க மேல் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும். தகட்டை எடுத்துவிட்டு, ஃப்யூஸ் போட்ட ஜம்பர் ஒயரால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேட்டரி பாசிட்டிவைக் கொடுத்து, அந்த ஜம்பரையே கவ்விப் பார்க்கலாம். ஓம் வைத்துப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, குளிர்ந்த பிளக்கின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே. மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், அதைக் கழிக்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆம்பியரில் இந்தக் குழப்பம் இல்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில வண்டிகளில் பிளக் 12 வோல்ட் கிடையாது, குறைந்த வோல்ட்டில் ஓடும். அதற்கு நேராகப் பேட்டரியைக் கொடுத்தால் எரிந்துபோகும். பிளக்கின் உடம்பிலேயே வோல்ட் எழுதியிருக்கும், ஜம்பர் போடும் முன் அதைப் படியுங்கள்.

நாலு பிளக்கும் புதிது, ஆனால் ஆம்பியர் நாலுக்கும் சேர்ந்து குறைவு என்றால் பிளக்கைச் சந்தேகப்பட வேண்டாம். அதே மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, பிளக் தகட்டில் எவ்வளவு வருகிறது, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் பிளக் எரியும்போதே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிலே பாயின்ட், ஃப்யூசிபிள் லிங்க் (ஒயர் வடிவிலான பெரிய ஃப்யூஸ்), அல்லது ஏதாவது ஒரு நட் லூஸ். பிளக் சூடாகும்போது தொட்டுப் பார்த்தால் எந்த இணைப்பு சுடுகிறதோ அதில்தான் கோளாறு.

செத்த பிளக்கைக் கழற்றுவது தனி வேலை. அவசரப்பட்டுத் திருகினால் ஹெட்டுக்குள் உடைந்து நிற்கும், அதன்பின் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். முந்தின நாளே ரஸ்ட் ஆயிலை ஊற்றி ஊற விட்டு, இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள். எடுத்த பிளக்கின் நுனி வீங்கியிருந்தாலோ தின்றுபோயிருந்தாலோ அந்த சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றிப் பாருங்கள். தூறலாக அடிக்க வேண்டிய நாசில் ஒழுகினால் புதுப் பிளக்கையும் அது தின்றுவிடும்.

அடுத்தது செல்ஃப். டீசல் இன்ஜின் பிடிக்க நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றாவது வேண்டும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இவ்வளவும் சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும். பேட்டரியா, ஒயரா, செல்ஃபா, இன்ஜினா என்று பிரித்துச் சொல்ல ஆம்பியர் வேண்டும்.

சோதனைக்கு முன் ரோட்டரி பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சோலினாய்டின் (கரண்ட் இல்லாவிட்டால் டீசலை நிறுத்திவிடும் வால்வு) ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும், அளக்க நேரம் கிடைக்கும். பேட்டரியில் இருந்து செல்ஃபுக்குப் போகும் தடி ஒயரைக் கவ்வி, இன்ரஷை அழுத்திவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். முதல் உதையில் அறுநூறையும் தாண்டலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுற்ற ஆரம்பித்தபின் இரண்டரை லிட்டர் இன்ஜினுக்கு 200 முதல் 350 வரை நின்றால் சரி.

சுற்று மந்தம், ஆம்பியரும் குறைவு என்றால் கரண்ட் போய்ச் சேரவில்லை. டெர்மினலில் பூத்த பச்சை, ஒயருக்குள் அரித்த செம்பு, எர்த், இல்லாவிட்டால் பேட்டரியே. சுற்று மந்தம், ஆம்பியர் மட்டும் எகிறுகிறது என்றால் செல்ஃபின் புஷ் தேய்ந்து ஆர்மெச்சர் உரசுகிறது, அல்லது இன்ஜின் இறுக்கம். குளிர் காலத்தில் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருந்தாலும் இந்த இறுக்கம் வரும். சுற்று வேகமாக, லேசாக இருக்கிறது, ஆம்பியரும் வழக்கத்தைவிடக் குறைவு என்றால்தான் நான் கவலைப்படுவேன். நசுக்க வேண்டிய காற்று நசுங்கவில்லை, கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது. காதிலும் அது கேட்கும். நல்ல இன்ஜின் ஒரே தாளத்தில் சுற்றும், ஒரு சிலிண்டர் பலவீனமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று ஓடிப் போகும்.

எர்த்துக்கு ஒரு சோதனை உண்டு, இந்த மீட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பேட்டரி நெகட்டிவில் இருந்து இரண்டு ஒயர் போகும்: தடியானது இன்ஜின் பிளாக்குக்கு, மெலிசானது பாடிக்கு. செல்ஃப் அடிக்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கவ்விப் பாருங்கள். கிட்டத்தட்ட கரண்ட் அத்தனையும் தடி ஒயரில் போக வேண்டும். மெலிசு ஒயரில் ஐம்பது, நூறு என்று ஓடினால் இன்ஜின் எர்த் கெட்டுவிட்டது, கரண்ட் வேறு வழியைப் பிடித்துக்கொண்டு பாடி வழியாகத் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகவும் பாயும். கேபிள் காரணமில்லாமல் சூடாகிறது, உறை உருகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எர்த் ஒயரை. அதை மாற்றியதும் செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிடும்.

டீசல் பக்கம் வந்தால் கிளாம்ப் மீட்டருக்கு வேலை குறைவு. சாவி ஆன் செய்யும்போது ஸ்டாப் சோலினாய்டு ஒரு ஆம்பியரை ஒட்டி இழுக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். மீதிக்குக் கண்ணாடி டியூப். ஃபில்டரில் இருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே அளவில் டீசல் தாங்கும் ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸை கிளிப் போட்டு இறுக்குங்கள். முடிந்தால் பம்பின் ரிட்டர்னிலும் ஒரு துண்டு. தண்ணீர் போகும் வினைல் டியூப் வேண்டாம், டீசல் பட்டால் சீக்கிரமே விறைத்து மஞ்சளாகி, கிளிப் போட்ட இடத்தில் வெடிக்கும். எந்த டியூபாக இருந்தாலும் சோதனை முடிந்ததும் எடுத்துவிட்டு நல்ல ரப்பர் ஹோஸைப் போட வேண்டும், சூட்டின் பக்கத்தில் அதை நிரந்தரமாக விடக் கூடாது.

பம்ப் டீசலை டேங்கில் இருந்து உறிஞ்சுகிறது. அதனால் அந்த வழியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகுவதைவிட காற்று உள்ளே போவதுதான் அதிகம். கீழே ஒரு சொட்டுகூட இல்லையே, லீக் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ராத்திரி முழுக்க அந்தக் காற்று டியூபின் மேட்டில் சேரும், டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃபை நீளமாக அடித்தால்தான் மறுபடி ஏறி வரும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. மேட்டில் மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் தொல்லை அதிகம், மூக்கைக் கீழே வைத்தால் குறைவு என்றால் காற்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது. கூட ஓட்டும் பையன் ஒருவனுடையது. ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு பம்பைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகம் வாடிப்போய் நின்றான்.

"அண்ணே, பம்பு போச்சாம். வண்டியையே வித்துரலாமான்னு இருக்குண்ணே."

"அவசரப்படாதடா தம்பி. புகை எப்படி வருது?"

"வெள்ளையா, கண்ணெல்லாம் எரியுது."

டீசல் போகிறது என்பது அவன் சொன்னதிலேயே இருந்தது. மறுநாள் காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போது பிளக் ஒயரைக் கவ்வினேன். எண் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் அடங்கிவிட்டது. இரண்டு பிளக் வேலை செய்யவில்லை. மாற்றினோம். அதன்பின் வெள்ளைப் புகை நின்றது, ஆனால் காலையில் மட்டும் செல்ஃப் இன்னும் நீளமாகவே அடிக்க வேண்டியிருந்தது. டியூபை மாட்டிவிட்டு ராத்திரி விட்டோம். விடிந்ததும் பார்த்தால் பம்புக்குப் போகும் டியூபில் பாதிக்கு மேல் காலி. அடித்தபோது ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஃபில்டர் பக்கத்தில் இருந்து விடாமல் வந்துகொண்டே இருந்தன.

ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் டியூபை மாற்றி மாற்றிப் போட்டால் இடம் பிடிபடும். ஃபில்டருக்குள் போகும் டீசல் சுத்தமாக இருக்கிறது, வெளியே வருவதில் குமிழ் என்றால் ஃபில்டர் தலையிலேயே கோளாறு. அங்கே சந்தேகப்பட வேண்டியவை ஃபில்டர் தலையில் கையால் அழுத்தி டீசல் ஏற்றும் கை பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு), தண்ணீர் சென்சாரின் ஓ-ரிங், ஃபில்டரின் ரப்பர் வளையம். அவன் வண்டியில் கை பம்பைச் சுற்றி ஒரு விரலால் தடவினால் லேசாக ஈரம், அதில் ஒட்டிய தூசி. டயஃப்ரம் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் டியூபில் டீசல் கண்ணாடிபோல அசையாமல் நின்றது. அந்தப் பம்பு இன்றும் பிரிக்கப்படாமல்தான் ஓடுகிறது.

ஃபில்டர் சரியாக இருந்தால் அடுத்து நாசிலுக்கு நாசில் தாவும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ். நூல் பின்னிய அந்த ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால் உடனே தெரியும். கடைசி நாசிலில் மூடி போட்டிருக்கும் சின்ன ரப்பர் தொப்பியையும் மறக்க வேண்டாம். டீசல் பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளில் செம்பு வாஷரைப் பழையதையே போட்டு இறுக்குவதும் காற்றுக்கு வழி. கழற்றினால் புது வாஷர் போடுங்கள்.

இன்ஜின் பிடிக்க இன்டேக்கில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வண்டி பிடிக்காத காலையில் கை முதலில் அதைத்தான் தேடும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதை அடிக்காதீர்கள். சிவந்து நிற்கும் பிளக்கில் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் உடையலாம், பிஸ்டன் விரியலாம், பிளக் நுனி முறிந்து உள்ளே விழலாம், இன்டேக் வழியாகத் தீ திரும்பி அடிக்கலாம். பிளக்கின் ஆம்பியரைப் பார்க்கும் சில நிமிடத்தில் இந்த ஆபத்தையே தவிர்த்துவிடலாம்.

மீட்டரில் குறைகள் இருக்கின்றன. திரை ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும், செல்ஃபின் ஏற்ற இறக்கத்தை சிலிண்டர் சிலிண்டராகப் பிரித்துக் காட்டாது. அது வேண்டும் என்றால் கரண்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் செருகும் கிளாம்ப்தான் வேண்டும். 600 ஆம்பியர் வகையின் தாடை தடிமன், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் பிளக் ஒயருக்குச் சில வண்டிகளில் அது நுழையாது. அப்போது ரிலே பக்கத்தில் கவ்வ வேண்டியதுதான். மில்லி ஆம்பியரில் அதை நம்பக் கூடாது. ராத்திரி பேட்டரி இறங்குகிறதா என்று பார்க்க 50 மில்லி ஆம்பியரைத் தெளிவாகக் காட்டும் கருவி வேண்டும், அதற்கு முன்னே சொன்ன சின்ன மீட்டர்தான் பொருத்தம். சில நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக அணைந்து, பதிவான மேக்ஸ் எண்ணையும் அழித்துவிடுவது என் மீட்டரில் எனக்குப் பிடிக்காத ஒன்று. எண் வந்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நன்றாக இருக்கும் காலத்திலேயே பிளக் ஆம்பியர், செல்ஃப் ஆம்பியர் இரண்டையும் அளந்து பானட்டுக்குள் ஒரு மூலையில் மார்க்கரால் எழுதி வைத்தால், தொல்லை வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கணக்கு வேறில்லை.

ஆம்பியர் எல்லாம் சரி, டியூபில் குமிழ் இல்லை, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வழி. குளிர்ந்திருக்கும்போது தொல்லை என்றால் வால்வு கிளியரன்ஸ், பம்ப் டைமிங், அதன்பின் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன். கேஜ் டீசலுக்கு உரியதாக இருக்க வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது. ஐடிஐ இன்ஜினில் 400 பிஎஸ்ஐயை ஒட்டி எதிர்பார்க்கலாம், 300க்குக் கீழே இறங்கினாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தாலோ இன்ஜின் வேலைதான். காலையில் நன்றாகப் பிடித்து, ஓட்டிச் சூடானபின் நிறுத்தினால் மறுபடி பிடிக்க மறுக்கிறது என்றால் கதை வேறு. சூட்டில் டீசல் நீர்த்துவிடும், தேய்ந்த பம்ப் ஹெட்டுக்குள் அது கசிந்து அழுத்தமே ஏறாது. அந்த நேரத்தில் ஈரத் துணியைப் பம்பின் மேல் கொஞ்ச நேரம் போர்த்திவைத்து அடித்துப் பாருங்கள். சில்லென்ற தண்ணீரைக் குடத்தோடு ஊற்ற வேண்டாம், சூடான பம்ப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணி போட்டபின் சட்டென்று பிடித்தால், அந்த வண்டிக்குத்தான் பம்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும்.